கிராமக் கணக்கும் கைப்பேசியும்

தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் எவ்வளவு முக்கியமோ, நிலத்தின் கணக்கும் அவ்வளவு முக்கியம் என்பதை மிராசுதார்களும் கிராம அலுவலர்களும் நன்கு அறிவார்கள். ஒரு புல எண்ணில் எந்தப் பருவத்தில், எந்தப் பயிர், எத்தனை ஏக்கரில் செய்யப்பட்டது என்பது அடங்கலில் ஏறாவிட்டால், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் அந்தப் பயிர் விளைந்தும் விளையாததே ஆகும். இவ்வளவு பாரத்தைத் தாங்கும் கணக்கு இப்பொழுது காகிதத்தை விட்டுக் கைப்பேசிக்கு மாறி வருகிறது. 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டில் நடந்த டிஜிட்டல் பயிர் சர்வேயில் விவசாயக் கல்லூரி மாணவர்களும் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். மாறுதல் வரவேற்கத்தக்கதே. ஆயினும் எவ்விதமான செயலியைக் கொண்டு மாறுவது என்பதைப் பற்றிக் கிராமங்களில் போதுமான அளவு பேசப்படவில்லை.

பூதலூர் தாலுகாவை எடுத்துக்கொள்ளலாம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஆற்றுப் பாசனம். செங்கிப்பட்டிப் பக்கத்தில் மேட்டு நிலம். நடுவே கல்லணைக் கால்வாய். ஒரே தாலுகாவில் நடவு ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் நிகழ்கிறது. சம்பாப் பயிரைக் காப்பீடு செய்வதற்குப் பெரும்பாலும் நவம்பர் 15 என்று தேதி குறிக்கப்பட்டு, சில வருஷங்களில் நீட்டிக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருப்பதும் அதே மாதந்தான். 2008-ஆம் வருஷத்து நிஷா புயலும், 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலும் அம்மாதத்திலேயே வந்தன. கஜாவின்போது டெல்டா ஜில்லாக்களில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பல நாட்கள் செயலற்றுக் கிடந்தன. ஆகவே, கணக்கு மிகவும் வேண்டியிருக்கும் காலமும், கோபுரம் கைவிடும் காலமும் ஒன்றே. கோபுரம் கிடைத்தால்தான் திறக்கும் செயலி, வெள்ளம் வந்தபோது மட்டும் கிட்டாத ஓடத்தைப் போன்றது.

பழைய முறையின் தத்துவம்

முற்காலத்துக் கிராமக் கணக்கு எவ்வாறு நடந்தது? அடங்கல் கிராமத்திலேயே இருந்தது. வயலைப் பார்த்தவர் வயலருகிலேயே எழுதினார். தாலுகாவின் அனுமதியை எதிர்பார்த்து ஒவ்வொரு வரியும் எழுதப்படவில்லை. பசலி வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தியில் கிராமக் கணக்கும் தாலுகாக் கணக்கும் நேருக்கு நேர் வைத்து ஒத்துப் பார்க்கப்பட்டன. 1980-ஆம் வருஷத்தில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் நீக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்ட பின்னரும் இத்தத்துவம் மாறவில்லை. முதற்கணக்கு கிராமத்தில் இருக்க வேண்டும், ஒத்துப் பார்ப்பது பிறகு நடக்க வேண்டும் என்பதே அது. இதே தத்துவத்தில் அமைந்த கைப்பேசிக் கணக்குகள் இன்று உலகில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. டேமியன் காட்ஸ் என்பவர் 2005-ஆம் வருஷத்தில் தொடங்கிய கௌச்டிபி என்னும் டேட்டாபேஸ் இவ்வகையில் பெயர் பெற்றது.

புதிய முறையின் நடை

இம்முறையில் முழுக் கிராமத்தின் கணக்கும் கைப்பேசிக்குள்ளேயே ஒரு பிரதியாக இருக்கும். அலுவலர் எழுதும் ஒவ்வொரு பதிவும் முதலில் அங்கேயே நிலைபெறும். பதிவு எண்ணைத் தலைமை சர்வரிடம் கேட்டுப் பெறாமல், வேறெந்தக் கைப்பேசியிலும் வர இயலாத நீண்ட எண்ணொன்றைக் கைப்பேசி தானே இடும். பிறகு கோபுரம் கிடைத்தால் சர்வருடன் ஒத்துக்கொள்ளும். கோபுரம் இல்லாவிட்டால், கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, அவர்களுடைய கைப்பேசிகள் புளூடூத் அல்லது வைஃபை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தன்னிடம் உள்ளவை எவை, மற்றதனிடம் இல்லாதவை எவை என்று பார்த்து, விடுபட்டவை மட்டும் இடம் மாறும். இவ்விருவரில் ஒருவர் தஞ்சாவூர் சென்றால் போதும். இருவர் கணக்கும் அங்கே போய்ச் சேரும்.

இது ஆகாயத்தில் கட்டிய கோட்டை அன்று. 2000-த்தின் தொடக்க வருஷங்களில் கர்நாடகத்துத் தொட்டபல்லாபூர் தாலுகாவில், டாக்நெட் என்ற ஏற்பாட்டின்படி, பஸ்ஸில் பொருத்திய கம்பியில்லாக் கருவி ஊர் ஊராகச் சென்று நிலப் பதிவேட்டு விவரங்களை ஏற்றியும் இறக்கியும் வந்தது. 1998-ஆம் வருஷத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் வில்லியனூரை மையமாகக் கொண்டு, கம்பியில்லாக் கருவிகளால் கிராமங்களுக்குச் செய்தி அனுப்பியதும் இதற்கு முன்மாதிரி.

ஒரே புலத்துக்கு இரண்டு எழுத்து

இம்முறையின் உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு புலத்தில் 2 ஏக்கர் சம்பா என்று ஒருவர் எழுதுகிறார்; அதே புலத்தில் 1 ஏக்கர் சம்பா, 1 ஏக்கர் தரிசு என்று மற்றவர் எழுதுகிறார். இருவர் கைப்பேசிகளும் சந்திக்கும்போது எதை ஏற்பது? பல செயலிகள் கடைசியாக எழுதியதே செல்லும் என்று வைத்துக்கொள்கின்றன. இது அபாயமானது. ஒரு கைப்பேசியின் கடிகாரம் தவறாக இருந்தால், நேரில் பார்த்து எழுதியது மறைந்து, பாராமல் எழுதியது நிலைத்துவிடும். கடிகாரத்தை நம்பாமல் நிகழ்ச்சிகளின் முன்பின்னை அறியும் வழியை லெஸ்லி லாம்போர்ட் 1978-ஆம் வருஷத்திலேயே விளக்கியிருக்கிறார். கௌச்டிபி போன்றவை இரண்டு எழுத்துகளையும் அழியாமல் காத்து வைக்கின்றன. அடங்கலுக்கு இதுவே ஏற்றது. இரண்டும் நிற்க வேண்டும். முரண்பாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வருவாய் ஆய்வாளர் வயலைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். தீர்ப்பு சொல்லும் வேலை மனிதருக்கே உரியது, யந்திரத்துக்கு உரியதன்று.

ஆட்சேபணைகள்

வீட்டில் உட்கார்ந்தபடியே பொய்க் கணக்கு எழுத இடமுண்டு என்று சிலர் சொல்லக்கூடும். ஜி.பி.எஸ். இருப்பிடம் வானத்திலுள்ள துணைக்கோள்களிலிருந்து வருவதால் கோபுரமின்றியும் கிடைக்கும். பதிவோடு இருப்பிடத்தையும் படத்தையும் எழுதியவருடைய டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்க்கலாம். இதனால் புரட்டு அடியோடு நீங்காது. ஆனால் எழுதியவர் இன்னார் என்பது மறையாது. கைப்பேசி காணாமற்போனால் கிராமத்தார் விவரம் வெளியாகாதா என்பது அடுத்த ஆட்சேபணை. ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்தந்தக் கிராமத்தின் கணக்கு மட்டுமே, பூட்டிய நிலையில் இருக்க வேண்டும் என்பதே இதற்குப் பரிகாரம்.

எல்லா வேலைக்கும் இம்முறை பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டதை எழுதும் கணக்குக்கு இது பொருந்தும். இருப்பு குறைந்துகொண்டே போகும் பொருளைப் பங்கிடுவதற்குப் பொருந்தாது. கிடங்கில் 10 மூட்டை யூரியா இருக்க, ஒன்றையொன்று அறியாத இரண்டு கைப்பேசிகள் தலைக்கு 10 மூட்டை ஒதுக்கினால் கலகமே மிஞ்சும். கொள்முதல் நிலையத்தின் முறைச் சீட்டும் அப்படியே. அவற்றுக்கு ஒரே இடத்துக் கணக்குதான் தகும்.

செய்ய வேண்டியது

இனி எந்தச் செயலியையும் கிராமத்துக்கு அனுப்புமுன், அதிகாரிகள் மூன்று சோதனைகளைச் செய்தல் நலம். கைப்பேசியின் தொடர்பை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுவதும் வயலில் அதை நடத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கைப்பேசிகளில் ஒரே புலத்துக்கு வெவ்வேறாக எழுதி, இரண்டு எழுத்தும் பிழைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு கைப்பேசியை அழித்துவிட்டு, அதன் கணக்கை மற்றொன்றிலிருந்து மீட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சோதனைகளை அலுவலக மேஜையின்மீது செய்து பயனில்லை. ஐப்பசி மழையில் வரப்பின்மீது செய்ய வேண்டும்.

நிலச் சொந்தக்காரர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. தங்கள் புலத்தில் பதிவு ஏறியவுடன் அதன் பிரதியொன்றைத் தங்கள் கைப்பேசியிலேயே கேட்டுப் பெறுவது அவர்கள் உரிமை. குத்தகைக்குப் பயிரிடுவோர் இருந்தால் அவர்களுக்கும் அப்பிரதி கிடைக்கும்படி செய்வது நியாயம். வெள்ளத்தில் நஷ்டப்படுபவர் பெரும்பாலும் அவரே. கணக்கின் பிரதி பலர் கையில் இருந்தால், ஒரு கை நனைந்தாலும் கணக்கு நனையாது.