இரு மொழி தெரிந்தால் மட்டும் போதுமா?

எமது சமூக அமைப்புகளில் ஆலோசனை மேசைக்குப் புதிய தொண்டர் ஒருவரைத் தெரிவு செய்யும்போது, "ஆங்கிலம் நன்றாகத் தெரியுமா?" என்றே முதலில் கேட்கின்றோம். தெரியுமென்றால் மறுவாரமே அவர் மேசையில் அமர்த்தப்படுகின்றார். சட்டம் தெரியுமா, பிறர் சொல்வதைக் கேட்கத் தெரியுமா என்று எவரும் வினவுவதில்லை. உதவ முன்வந்தவரைப் பரீட்சிப்பதா என்ற கூச்சமே இதற்குக் காரணம். இக்கூச்சத்தின் விலையைச் செலுத்துபவரோ மேசையின் மறுபுறம் இருப்பவர்.

நாம் அறிந்த தாயார் ஒருவருக்கு உதவிப்பணம் நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. தொண்டர் அதனைப் பிழையின்றி மொழிபெயர்த்தார். அலுவலரைத் தொலைபேசியில் அழைக்குமாறு கூறி அனுப்பினார். அத்தாயாரும் ஆறு வாரங்கள் அழைத்து அழைத்துச் செய்தி விட்டுக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பில் தவறில்லை, ஆலோசனையிலேயே தவறு.

ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய முடிவு கிடைத்து 30 நாட்களுக்குள் உள்ளக மீளாய்வை எழுத்தில் கோர வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிடின், மேலும் 30 நாட்களுக்குள் சமூக நலன்கள் நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். தவணை தவறினால் தகுந்த காரணம் காட்டி நீடிப்புக் கேட்கலாம்தான். ஆயினும் உரிமையாகப் பெறவேண்டியதைக் கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு எம்மவரைத் தள்ளலாமா? 1995 ஒக்ரோபரில் மைக் ஹரிஸ் அரசு உதவிப்பணத்தை 21.6 வீதத்தால் வெட்டியது எம்மிற் பலருக்கு நினைவிருக்கும். தனியொருவருக்கான ஆகக்கூடிய மாதத் தொகை 2018 முதல் 733 டொலராகவே நிற்கின்றது. இத்தொகையில் ஒரு மாதம் தவறினாலும் வாடகை தவறும்.

சட்டத்தைக் கற்பது இலகு. கேட்கக் கற்பதே கடினம். எம்மவர் இருவர் சந்தித்தால் "எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" என்பதே முதற் கேள்வி. வீதியில் அது அன்பு. ஆலோசனை அறையிலோ அது வாயைப் பூட்டும் திறப்பு. கணவனைப் பிரிந்த பெண்ணும் கடன்பட்ட முதியவரும், தம் கதை ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் வீதிக்கு வந்துவிடும் என்று அஞ்சி மௌனமாகின்றனர். இராணுவ முகாமில் விசாரிக்கப்பட்ட ஒருவருக்கு, பேனையுடன் எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவரே பழைய அச்சத்தைக் கிளப்பக்கூடும். ஒவ்வொரு கேள்வியும் ஏன் கேட்கப்படுகின்றது என்பதை முதலில் விளக்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கினால், பெற்றோர் பிள்ளைக்கு மறைக்க விரும்புவதை எமக்கும் மறைப்பர்.

ஆசிரியராயிருந்த காலத்தில் "விளங்கியதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையாட்டும். விளங்காதவனே முதலில் ஆட்டுவான். ஆலோசனை பெற வருபவரும் அவ்வாறே. அடுத்து என்ன செய்யப்போகின்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைப்பதே நல்ல சோதனை.

பயிற்சி என்றால் தொண்டர்கள் விலகிவிடுவர் என்பார்கள். கலைப்பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சியின்றி வகுப்பறைக்குள் நுழைந்தவர்கள் நாம். முதலாண்டில் நாம் விட்ட பிழைகளைச் சுமந்தவர்கள் மாணவர்களே. அனுபவத்தோடு சொல்கின்றோம்: நல்லெண்ணம் பயிற்சிக்கு ஈடாகாது.

வழிகள் இல்லாமலில்லை. மாகாணச் சட்ட உதவி அமைப்பின் நிதியில் இயங்கும் சமூகச் சட்ட நிலையங்கள், வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக உதவுகின்றன. அவற்றுடன் இணைந்து பயிற்சி வகுப்புகளை ஒழுங்கு செய்யலாம். புதியவர் சில வாரங்கள் அனுபவசாலியின் அருகிலிருந்து பார்க்கட்டும். எல்லைகளையும் அறியட்டும்: பணம் பெற்றுக் குடிவரவு ஆலோசனை வழங்க உரிமம் பெற்றவர்க்கே சட்டம் இடமளிக்கின்றது. "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் இன்றே அனுப்புகின்றேன்" என்று சொல்வதும் கற்கவேண்டிய பாடமே.

நிர்வாக சபைகளிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த தொண்டரை மேசையில் அமர்த்துமுன், கடிதம் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் கண் முதலில் கடிதத்தின் திகதியைத் தேடுகின்றதா? தேடாவிடின், அவர் இன்னும் ஆயத்தமாகவில்லை. அது அவர் குற்றமன்று, எமது குற்றம்.