பறைக்கு மேடை, அடிப்பவனுக்கு என்ன?

கிட்டார் வந்தால் மேளத்தை எடுத்து ஓரமாய் வை. நம்ம பக்கத்துக் கொடைவிழாக்களில் பல காலமாக நடப்பது இதுதான். சாயங்கால வெயிலில் நின்று நையாண்டி மேளம் கூட்டம் சேர்க்கும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மெல்லிசைக் குழு மேடையேறும். இப்போது புதுப்பெயர் வந்திருக்கிறது: ஃபோக் மெட்டல். பாளையங்கோட்டையில் மாணவத் தோழர்கள் ஆசையாய்க் கேட்கிறார்கள். 'அண்ணே, நம்ம ஊர்லயும் ஒண்ணு வைப்போமே. முதல்ல உள்ளூர்ப் பறைக்குழு அரைமணி நேரம் அடிக்கட்டும், பெறகு பெரிய பேண்ட்.' ஆசை நல்லதுதான். அந்த 'முதல்ல' என்ற சொல்லில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

மெட்டலை மேல்நாட்டுக் குப்பை என்று ஒதுக்கும் பண்டிதர்களோடு நமக்குச் சேர்மானம் இல்லை. 1965இல் பர்மிங்காமில் தகடு ஆலையில் வேலை பார்த்த 17 வயது டோனி அயோமிக்கு இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அவருடைய பிளாக் சப்பாத் குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்துதான் மெட்டலுக்குக் கணக்குத் தொடங்குகிறார்கள். கூலிக்காரன் விரலிலிருந்து வந்த சத்தம் நமக்கு அந்நியம் இல்லை.

சிக்கல் 'ஃபோக்'கில். 1990இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்கைக்ளாட் குழு மெட்டலோடு பிடிலைச் சேர்த்தபோது, பிடில்காரர் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. 2019இல் டில்லியின் பிளடிவுட் குழு ஜெர்மனியின் வாக்கன் விழாவில் டோல் அடித்தபோதும் அங்கிருந்தவர்களுக்கு அது ஒரு வாத்தியம், அவ்வளவே. இங்கே பறை வெறும் வாத்தியமா? செத்த வீட்டுக்குச் சொல்லிவிடும் ஆள், வாசலுக்கு வெளியே ஊற்றும் காப்பி, கை படாமல் போடும் காசு எல்லாம் அந்தத் தோலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் நம் தகப்பன்மார் பல ஊர்களில் 'இனி அடிக்க மாட்டோம்' என்று சொல்லி உதை வாங்கினார்கள்.

90களில் நமக்குள்ளேயே பெரிய சண்டை: பறையை எரிப்பதா, எடுப்பதா? எரிக்கச் சொன்னவனும் சரி, எடுக்கச் சொன்னவனும் சரி. இரண்டு பேரும் சொன்னது ஒன்றே: எப்போ அடிக்கணும், யாருக்கு அடிக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம். திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்தது அப்படியொரு முடிவு.

'பறைக்குத்தான் மதிப்பு வந்துட்டே, அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீயே கொடுத்தாச்சே' என்பார்கள். மகிழ்ச்சி. விருது ஒருவர் நெஞ்சில் ஏறும். சாவு வீட்டு வாசலில் நிற்பவன் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 19 பேரோடு மேடையேறியது. கானா, பறை, கிட்டார் எல்லாம் ஒரே வரிசை. பறை முன்னால் அடித்துவிட்டு இறங்கிப் போகவில்லை. பெயரே அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. இட ஒதுக்கீடே அங்கே பாட்டானது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லணும். மெட்டலின் ஆங்காரத்தோடு 'மண்ணின் இசை', 'பாட்டன் வீரம்' என்று சேர்த்தால் நம்ம சீமையில் அது யாருக்குப் பயன்படும்? அருவாளைப் புகழும் சாதிப் பாட்டு ஏற்கெனவே ஸ்பீக்கரில் ஓடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் அவன் பள்ளிக்கூடத்துப் பையன்கள். எந்தப் பாட்டன், யார்மேல் காட்டிய வீரம் என்று கேட்காமல் 'ஃபோக்' என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் கட்ட முடியாது.

ஆகவே கச்சேரி வைக்கட்டும், நிபந்தனைகளோடு.

ஒன்று: பறையும், சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்கு அடிக்கும் மகுடமும் கடைசிவரை மேடையில் இருக்கணும்.

இரண்டு: நோட்டீசில் 'கிராமியக் குழுவினர்' கிடையாது, ஆளாளுக்குப் பெயர். வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்குத் தெரியும், வவுச்சரில் பெயர் இல்லாதவனுக்குப் பணம் போகாது.

மூன்று: கிட்டார்காரருக்கு என்ன சம்பளமோ அதே.

நான்கு: கிட்டாருக்கு ஒரு மணி நேரம் ஒலிச் சோதனை, பறைக்கு ஒத்த மைக் என்பது நடக்காது. அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் தனித்தனியே கேட்கணும். தோல் காய்ச்ச மேடைப் பக்கம் நெருப்புக்கு இடம் வேணும்.

ஐந்து: ஒரே பந்தி.

முதலில் யார், கடைசியில் யார் என்பதை அடிப்பவர்களே சொல்லட்டும்.

1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளருக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் பிணமானார்கள். அந்த ஆற்றங்கரையில் மேடை போட்டு வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. இதற்கெல்லாம் சம்மதிக்கிற பேண்ட் வரட்டும், நாமும் வருவோம். மாட்டேன் என்றால் நாம் இல்லாமல் வாசித்துக்கொள்ளட்டும். கூட்டம் சேர்த்துக் கொடுப்பது நம்ம வேலை இல்லை.