கொல்லைப்புற மூலிகை: குப்பைமேனி

ரெண்டு மழை பெய்தால் போதும், குப்பைமேட்டிலும் வேலி ஓரத்திலும் குப்பைமேனி தானாக முளைத்து நிற்கும். விதைப்பாரும் இல்லை, தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை. நீளமான காம்பு, ரம்பப்பல் மாதிரி இலை ஓரம், கதிரில் பச்சைக் கிண்ணம் போல மடல்கள். இதுதான் அடையாளம். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து மோந்து உருளும். அதனால் பூனைவணங்கி என்றும் இதற்குப் பெயர் உண்டு.

சொறி, சிரங்குக்கு இந்த இலையை உப்போ மஞ்சளோ வைத்து அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். இது வெறும் நம்பிக்கை இல்லை. இலையைச் சாராயத்தில் ஊறவைத்துச் சத்தை இறக்கி, அதில் தோய்த்த சின்னக் காகித வில்லையைக் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் வைப்பார்களாம். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிந்தால், மருந்துக்கு வீரியம் உண்டு என்று அர்த்தம். கல்லூரியில் கிருமியியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு விளக்கினாள். குப்பைமேனிச் சத்துக்கு அப்படி வட்டம் விழுகிறது. சீழ் பிடிக்க வைக்கும் கிருமியும் அதில் அடங்குமாம்.

இன்னொன்று, ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்று எல்லா டப்பாவிலும் அச்சடிக்கிறார்களே, அது. நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் கறுப்பதில்லை அல்லவா? ஏறக்குறைய அந்தச் சங்கதிதான். ஊதா நிறச் சாயம் ஒன்றில் இலைச்சத்தை விட்டால், அது மஞ்சளாக வெளுக்கும். இந்தப் பரீட்சையிலும் குப்பைமேனி பாஸ்!

ஆனால் சகோதரிகளே, தட்டில் கிருமி சாவதை வைத்து வயிற்றுக்குள்ளும் அதே வேலை நடக்கும் என்று நினைக்கலாமா? பினாயில் கூடத்தான் கிருமியைக் கொல்கிறது. அதை யாராவது குடிப்போமா?

கோழை கட்டிய குழந்தைக்குக் குப்பைமேனிச் சாற்றைப் பிழிந்து சங்கில் ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வாந்தியோடு சளி வந்துவிடும் என்பார்கள். நெஞ்சுச் சளி இருப்பது நுரையீரலில். வாந்தி வருவது வயிற்றிலிருந்து. வாந்தி புரையேறினால் பச்சைக் குழந்தை என்ன பாடுபடும்!

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில பேருக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக இருக்கும். வெளிப் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. அவர்கள் இந்த இலையைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். குப்பைமேனி சேர்த்த மூலிகைச் சாறு குடித்தவர்களுக்கு இப்படி நேர்ந்ததை 1996-ல் இலங்கை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சைச் சாலையில் நல்ல பேர் வாங்கிய அதே இலை, இவர்கள் உடம்பில் நேர்மாறாக வேலை செய்கிறது. பாச்சை உருண்டையும் சில மலேரியா மாத்திரைகளும் கூட இவர்களுக்கு ஆகாது.

இந்தக் குறை தாய் வழியாக வருவது, பெரும்பாலும் பையன்களைத்தான் பாதிக்கும். அதற்காக மருமகள் மேல் பழி போடக் கிளம்பிவிடாதீர்கள், அவளுக்கே தெரிந்திருக்காது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே பெரியவர்களுக்கு மேல்பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாக்கடை ஓரத்துச் செடி வேண்டாம். நன்றாக அலசி அரைத்து, முதலில் முன்கையில் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். எரிச்சலோ தடிப்போ வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். புண் வாய் திறந்திருந்தால் பூசக் கூடாது. கைக்குழந்தைக்குப் பூச்சும் வேண்டாம், சாறும் வேண்டாம்.

யாரேனும் ஏற்கெனவே புகட்டியிருந்தால், அடுத்த சில நாட்கள் குழந்தையின் சிறுநீரைக் கவனியுங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, முகம் வெளுத்துத் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கையோடு அந்தச் செடியில் ஒரு கிளையையும் ஒடித்து எடுத்துப் போங்கள். என்ன கொடுத்தோம் என்று டாக்டரிடம் காட்ட உதவும்.