உப்பு வாருகிறவர் பாதம் போட்டோவில் ஏன் இல்லை?

மின்சார ரெயிலில் போகிறவர்கள் இப்போது ஜன்னலோரம் கண்டதையும் செல்போனில் போட்டோ பிடிக்கிறார்கள். பிளாட்பாரப் பூனையைக்கூட விடுவதில்லை. நல்ல பழக்கம்தான்.

மரக்காணத்துக்கு ரெயில் கிடையாது. கிழக்கு கடற்கரைச் சாலையில் சென்னை-புதுச்சேரி பஸ்தான். உப்பளம் வந்ததும் செல்போன்கள் வெளியே நீளும். வெள்ளை வெளேர் என்று குவியல், பாத்தித் தண்ணீரில் வானம். அழகுதான், யார் இல்லை என்றது?

ஆனால் அந்தக் குவியல் தானாக முளைக்கவில்லை. பாத்தியில் உப்புத் தண்ணீரைக் கட்டி, வெயிலில் வற்ற வைத்து, படிந்ததை வாரி, தலைச்சுமையாகக் கரையேற்றிய உப்பு அது. உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்துப் போகும். வெள்ளை உப்பில் பட்டு வெயில் திருப்பி அடிக்கும், கண் கூசும். ஒதுங்க நிழல்? உப்பு மண்ணில் மரம் எங்கே முளைக்கும்!

ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி முழுகும். வேலை போச்சு. மழைக்கால நிவாரணமாக 5 ஆயிரம் ரூபாய் தருவதாக அரசு 2021-ல் அறிவித்தது. 3 மாதத்துக்கு அது எந்த மூலைக்கு?

போட்டோ பிரியர்களே, அடுத்த தடவை பஸ்சை விட்டு இறங்குங்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பாதத்தையும், வெயிலில் கொதிக்கிற தண்ணீர்க் குடத்தையும் எடுங்கள். அதிகாரிகள் மேஜைக்கு அனுப்புங்கள். ஒரு கீற்றுக் கொட்டகை போட என்ன பெரிய செலவாகிவிடும்?