கலர் பிரெட் சுடுங்க... ஆனா, காயை ஒளிக்காதீங்க!

நம்ம வீடுகளில் பிரெட்டுக்கு ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான்... காய்ச்சல்! ஜுரம் வந்தால் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வரும். பாலில் தோய்த்துச் சாப்பிட்டு, உடம்பு தேறியதும் இட்லிக்குத் திரும்பிவிடுவோம். இப்போது கதையே வேறு. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளிலும் ஓவன் வந்தாச்சு. பீட்ரூட் விழுதில் ரோஸ் பிரெட், காரட்டில் ஆரஞ்சு, கீரையில் பச்சை என்று வீட்டிலேயே சுட்டு எடுக்கலாம்.

நல்ல விஷயம்தான். குழந்தைகள் கலருக்கு மயங்குபவர்கள். திருவிழாவில் பஞ்சுமிட்டாயைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுக்காத பிள்ளை உண்டா? அந்த ரோஸ் நிறத்துக்கு ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்துதான், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது. பிரெட் மாவில் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டும் 2016-ல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. வீட்டில் சுட்டால், உள்ளே என்ன போகிறது என்பது நமக்குத் தெரியும். அந்த நிம்மதி பெரிசு.

ஆனால், "காயே தொடாத பிள்ளைக்குத் தெரியாமலே காய் கொடுத்துட்டேன்" என்று பெருமைப்படுகிறோமே... அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் விழுது சேர்த்து, பிரெட்டைப் பத்துத் துண்டு போட்டால், ஒரு துண்டில் 10 கிராம் காய். பிள்ளை இரண்டு துண்டு சாப்பிட்டால் 20 கிராம். ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தினமும் காயும் பழமுமாக 350 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. மிச்சம் 330 கிராம் எங்கே? அதிலும் மாவு மைதா என்றால், தவிடும் நார்ச்சத்தும் ஏற்கெனவே போயாச்சு. ரோஸ் பூசிய மைதா, காய்கறி ஆகிவிடுமா?

இது விளையாட்டு இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 பேருக்கு. 'பிள்ளை காய் சாப்பிட்டுவிட்டான்' என்ற பொய்த் திருப்தி நமக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொன்று. ஒளித்துக் கொடுத்த காயின் ருசி பிள்ளையின் நாக்குக்குப் பழகுவதே இல்லை. நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போனால் பீட்ரூட் பொரியலை ஓரமாக ஒதுக்கத்தான் செய்வான். அங்கே யார் ரோஸ் பிரெட் சுட்டுத் தருவார்கள்?

ஆகவே சுடுங்கள்... சொல்லிவிட்டே சுடுங்கள். கோதுமை மாவில் செய்யுங்கள். விழுதிலேயே தண்ணீர் நிறைய இருப்பதால், பிசையும்போது தண்ணீரைப் பார்த்து ஊற்றுங்கள். காரட்டும் பரங்கிக்காயும் சூட்டில் நிறம் தாங்கும். மாவில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் அவற்றின் பீட்டா கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். பீட்ரூட் சூட்டில் மங்கும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு உதவும். கீரையின் பச்சையும் கொஞ்சம் கறுக்கும். கறுக்கட்டுமே! அதற்காகப் பாட்டில் கலரை எடுத்து ஊற்றினால், பஞ்சுமிட்டாய்க்காரரைக் குறை சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது?

நம்ம மண்ணில் விளைவதை விட்டுவிடாதீர்கள். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தை வதக்கிச் சேர்த்தால் வாசனை தெருவைக் கூட்டும். மக்காச்சோள மாவு நாலில் ஒரு பங்கு போதும். கோதுமையின் பசைத்தன்மை அதில் இல்லாததால், கூடினால் உதிர்ந்துவிடும். ஓவன் இல்லாத வீட்டுக்காரர்கள் ஏங்கவே வேண்டாம். முருங்கைக்கீரை அடை எந்தக் கலர் பிரெட்டுக்கும் சளைத்தது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீட்ரூட் துருவும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். கை சிவக்கட்டும். பாதி மாவுக்குப் போகட்டும். மீதிப் பாதியைத் தேங்காய்ப்பூ தூவிப் பொரியலாக்கி, அந்த பிரெட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முதல் நாள் ஒரு வாய்தான் சாப்பிடுவான். பரவாயில்லை, மறுவாரமும் வையுங்கள்.