கூளையனும் நம் பொடியன்மாரும்



இம்முறை ஒரு நாவலைப் பற்றிப் பேசுவோம். தமிழ்நாட்டின் திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் எழுதிய 'கூளமாதாரி' 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. மழை குறைந்த கொங்கு நாட்டில், கவுண்டர் ஒருவரின் ஆடுகளை மேய்க்கும் அருந்ததியர் சாதிச் சிறுவன் கூளையனின் கதை அது.

கூளையனின் கூலி வருடக் கணக்கில் பேசப்படுகிறது. அது பெற்றோரின் கைக்குப் போய்விடும். அவன் கையில் ஒரு சதமும் தங்குவதில்லை. காலையில் மாட்டுக் கொட்டில் வேலை, பிறகு பழஞ்சோறு, பகல் முழுக்க ஆடுகள். இரவிலும் வீடு இல்லை, பட்டிக் காவல்தான். எசமானின் மகன் செல்வனும் அங்கே வந்து படுப்பான். இருவரும் சிநேகிதர்தான். ஆனால் விடிந்தால் ஒருவன் பள்ளிக்கூடம் போவான், மற்றவன் ஆடு மேய்ப்பான். தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் இடம் ஒன்றும் உண்டு. மனம் தளர்ந்திருக்கும் நாளில் அந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டாம்.

வறுமையை எழுதுகிறவர்கள் பலர் பிள்ளையை அழவைத்தே கதையை முடித்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. மேய்ச்சல் காட்டில் கூளையனும் கூட்டாளிகளும் விளையாடுகிறார்கள், பனம்பழம் தேடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சந்தோசத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களிடமிருந்து எது பறிக்கப்படுகிறது என்பது நமக்கு விளங்குகிறது.

பசியைவிட என்னை உறுத்தியது அவர்களின் பெயர்கள். கூளையன் என்றால் குட்டையன். மற்றவர்கள் நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி. உடம்பில் கண்ட குறையே பெயராகிவிட்டது. எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தாய், "என்ட மகனையும் கடையில 'பொடியன்' எண்டுதான் கூப்பிடுறாங்க, பேர் என்னெண்டு கேட்டதேயில்ல" என்றார். பிறகு சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

கணவர் இறந்த, காணாமற்போன வீடுகளில் மூத்த மகனைக் கரைவலை இழுக்கவோ பேக்கரிக்கோ வெளியூர் வீட்டு வேலைக்கோ அனுப்பியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நாவலும் பெற்றோரைத் திட்டவில்லை. ஆனால் கூலியை முன்கூட்டியே வாங்கியவர்களுக்குப் பிறகு கேள்வி கேட்க வாய் இருப்பதில்லை என்பதை அது நன்றாகக் காட்டுகிறது. பிள்ளை அடிபட்டாலும் கூட்டிவர முடியாமல் போவது இதனால்தான். வயது வந்த பிள்ளையை அனுப்பினாலும் முற்பணம் வாங்காதீர்கள். அடிக்கடி நேரில் போய்ப் பாருங்கள். எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016இல் 16 ஆக்கப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஒரு பிள்ளைக்குத் துன்பம் நேர்வதாக அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். அது உங்கள் சொந்தப் பிள்ளையாக இருக்கவேண்டும் என்றில்லை.

நாவலின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. கொங்குப் பேச்சுவழக்கு முதல் சில பக்கங்களில் நமக்கு இடறும். இரண்டு பேர் சேர்ந்து சத்தமாக வாசித்தால் விரைவில் பிடிபட்டுவிடும்.