டிக்கெட்டில் உள்ள மணி



கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் யாரையாவது அரபு நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் அநேகம். டிக்கெட் கைக்கு வந்ததும் ஏறும் மணியையும் இறங்கும் மணியையும் பார்க்கிறோம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, "ஜித்தாவுக்கு நாலு மணித்தியாலம்தானாம்" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பிசகு.

கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காமல் பறந்தாலே ஆறு, ஆறரை மணித்தியாலம் பிடிக்கும். டிக்கெட்டில் ஏறும் நேரம் நம் நாட்டு நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதிக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பகல் 2 மணிக்கு ஏறி மாலை 6 மணிக்கு இறங்குவதாக இருந்தால், அந்த நாலோடு இரண்டரையைக் கூட்டுங்கள். அவர் இறங்கும்போது உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இரவு 8.30. அதற்கு முன் போன் வரவில்லையென்று அழுதுகொண்டிருக்க வேண்டாம். திரும்பி வரும் பயணத்துக்கு இரண்டரையைக் கழிக்க வேண்டும். (1996இல் நம் நாட்டு மணியை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள் மூன்று மணித்தியாலம் என்றால் அதுவும் பொய்யல்ல.)

நோன்பு காலத்தில் இது இன்னும் முக்கியம். மேற்கே பறக்கும்போது சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறோம். ஊரில் மஃரிப் பாங்கு சொன்ன பிறகும் விமான ஜன்னலில் வெயில் அடிக்கும். வெளியே சூரியன் மறைந்த பிறகுதான் நோன்பு திறக்கலாம். முடியாதவருக்கு, பயணத்தில் நோன்பை விட்டுப் பின்னால் களாச் செய்யும் சலுகை இருக்கிறது.

மணியைவிடத் தேதி பொல்லாதது. என் தங்கச்சி ஜித்தாவிலிருந்து வந்த டிக்கெட்டில், கட்டுநாயக்காவில் இறங்குவது வெள்ளிக்கிழமை 00.35 என்றிருந்தது. வெள்ளி இரவு பன்னிரண்டரை என்று நாங்கள் முடிவு கட்டினோம். உம்மா மட்டும், "வெள்ளி ராவு வியாழன் மஃரிபோட வந்திடுமே மகள்" என்றார். டிக்கெட்டுக்கும் மார்க்கக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தோம். வெள்ளி பின்னேரம் வேன் பிடித்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஆறு மணித்தியாலம் ஓடிப் போய்ச் சேர்ந்தால், பிள்ளை முதல் நாள் நடுச்சாமத்திலிருந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு மணித்தியாலம். கையில் நம் நாட்டுக் காசு இல்லை, பேச சிம் இல்லை. பக்கத்திலிருந்த ஒரு சிங்களத் தாய் பாணும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

நம் பக்கத்துச் சீனன்குடாவிலும் விமானத்தளம் இருக்கிறதுதான். ஆனால் ஜித்தா விமானம் அங்கே வராது. வானத்து வழியளவு நேரம் தரைவழிக்கும் வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பாதைக்குக் காத்து நிற்கும் நேரமாவது மிச்சம்.

ஆகவே டிக்கெட்டில் 00 என்று தொடங்கும் மணியைக் கண்டால், கலண்டரில் அதற்கு முந்திய நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள். வெள்ளி 00.35க்கு இறங்குபவருக்கு வியாழன் அஸர் தொழுததும் வேன் புறப்பட வேண்டும்.